எல்லாமே வலது கால்

பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டுமாம். செருப்புக் கம்பெனிக்காரர்கள் போனில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். என் மகள் கவி ஹாலில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு அதன்மேல் வலது காலை ஊன்றி நிற்க, நான் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு மயில் நிறத்தில் லெஹங்கா எடுத்தாயிற்று, அதற்கேற்ற செருப்புதான் பாக்கி. கால் என்னிடமிருந்து போன கால். முன்பக்கம் விரிந்து, விரல்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். என் அப்பாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவளுக்கு. எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய சொத்து அது ஒன்றுதான்.

"அம்மா, கூசுது. சீக்கிரம் போடு" என்றாள்.

வரைந்து முடித்ததும் அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். அதோடு விட்டாளா? அதே போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டு, 'எங்க வம்சத்து வாத்துக்கால்' என்று எழுதி, கூடவே நாலு சிரிப்புப் பொம்மையும் வைத்துவிட்டாள். 

"ஏண்டி, அதை எடுத்துரு."

"எதுக்கும்மா? காலுதானே?"

கால்தான். எனக்கு மட்டும் தெரியாதா? ஆனாலும் பாருங்கள், அந்த வெள்ளைத் தாளையும் பென்சில் கோட்டையும் பார்த்ததும் மூக்கில் சூடான ஜெராக்ஸ் தாளின் வாசனை ஏறிவிட்டது. வீட்டில் ஜெராக்ஸ் மெஷின் எதுவும் கிடையாது. வாசனை இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தியது. அத்தனை வருஷமாக ஒரு கோபத்தை அடுப்பில் வைத்து, பொங்கவும் விடாமல் அணைக்கவும் மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரப் போவதில்லை என்ற தைரியத்தில்.

அப்போது நான் குன்னூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறுகிற வழியில் ஒரு எஸ்.டி.டி பூத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். பூத்தோடு சேர்ந்து ஜெராக்ஸும் உண்டு. ஓனர் லில்லி அக்கா. ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு பெஞ்சு, ஒரு மெஷின், நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான் கடை. டிசம்பர் காலையில் ஷட்டரைத் தூக்கினால் கை விறைத்துப் போயிருக்கும். முதல் ஆள் வந்து ரேஷன் கார்டு காப்பி கேட்கமாட்டானா என்றிருக்கும். மெஷினிலிருந்து தாள் சுடச்சுட வெளியே வரும்போது அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, பிறகுதான் வந்தவர் கையில் கொடுப்பேன். "ஏம்மா, என் சாதிச் சான்றிதழ்ல பவுடர் ஒட்டிருச்சு" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். எங்கள் மெஷினின் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு. ஊரில் எந்தத் தாளைப் பார்த்தாலும் அது எங்கள் கடையில் எடுத்ததா, எதிர்க்கடையில் எடுத்ததா என்று சொல்லிவிடுவேன். பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்த வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது.

குளிருக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. காலை மறைக்கும். எங்கள் ஊரில் விடிந்தால் சாக்ஸ், அடைந்தால் சாக்ஸ். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிரேயர் ஹாலுக்குள் வெறுங்காலோடு போக வேண்டும். அங்கே எனக்கு 'வாத்து' என்று பெயர் வைத்தார்கள். பத்தாவது முடிக்கும்வரை அதுதான் பெயர். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எனக்கு வந்த முதல் வரன் கோத்தகிரிப் பக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், காப்பித் தட்டோடு நான் குனிந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார். அப்புறம் பதில் வரவில்லை. புரோக்கர்தான், "நான் சொன்னதா வெளிய சொல்லிறாதீங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குதாமா. காலுதான் ஆம்பளக் காலாட்ட இருக்குதாமா."

அம்மாவுக்கு அன்று வந்த ஆத்திரம் அடுப்பங்கரைப் பாத்திரங்களுக்குத்தான் தெரியும். அம்மா சிலோனில் பிறந்து, பத்து வயதில் கப்பலேறி வந்தவள். கடைசிவரை செருப்பையும் ஷூவையும் சப்பாத்து என்றும், சாக்ஸை மேஸ் என்றும்தான் சொன்னாள். "அடுத்த தடவ மேஸ் போட்டு நிக்க வைப்பம் புள்ள. யாரு என்னா கேக்கப் போறா? குளிரு" என்றாள்.

அப்படியே செய்தோம். ஊட்டிப் பக்கத்து எமரால்டிலிருந்து வந்தார்கள். எங்களைப் போலவே சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம், தூரத்துச் சொந்தமும்கூட. கேரட்டும் பூண்டும் போட்டு எங்களுக்கு முன்னாலேயே நிமிர்ந்துவிட்டவர்கள். மாப்பிள்ளை கோயமுத்தூரில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. நான் மெரூன் சாக்ஸ் போட்டுக்கொண்டு காப்பி கொடுத்தேன். "பொண்ணு நல்ல அடக்கம், நகக்கண்ணுகூட வெளிய தெரியல" என்று அவர்கள் பக்கத்துப் பாட்டி ஒருத்தி மெச்சினாள். சிரிப்பை அடக்க நான் உள்ளே ஓடினேன். அதையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு நாலு மாதம். அந்த நாலு மாதமும் தினம் மதியம் மூன்று மணிக்கு பூத்துக்குப் போன் வரும். மூன்று மணிக்கு எங்களுக்கும் கூட்டம் இருக்காது, அவர் கடையிலும் முதலாளி சாப்பிடப் போயிருப்பார். லில்லி அக்கா மணி இரண்டே முக்காலுக்கே, "நான் போயி வர்க்கி வாங்கிட்டு வந்தர்றேன்" என்று எழுந்து போய்விடுவார். தினமும் அந்த மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை வாங்கியே அக்கா குண்டாகிவிட்டார்.

போனை எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான். "அப்புறம், என்ன விசேஷமுங்க?"

ஐயோ, அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்களை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. இன்று காலை மூடுபனியில் பஸ் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறியது, தேயிலைச் செடிக்கு மருந்தடித்துவிட்டு வந்த அப்பா கைகழுவாமல் பூனையைத் தூக்கியதற்கு அம்மா போட்ட சத்தம், ஒரு பெரியவர் தன் கையையே ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னது. ஒன்று விடாமல் சொல்வேன். அவர் "அட", "அப்புறம்", "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நன்றாகக் கேட்பார். அதை மறுக்கமாட்டேன். எனக்கு அதுவரை அப்படி யாரும் காது கொடுத்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் அலுப்பு. தோட்டத்திலிருந்து வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் உடம்பு இருக்கும்.

அந்தத் தைரியத்தில்தான் காலைப் பற்றிச் சொன்னேன். சாக்ஸ் போட்டு ஏமாற்றியதை, கோத்தகிரி அம்மா சொன்னதை, வாத்தை, எல்லாவற்றையும். சொல்லிவிட்டுப் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். கல்யாணமே நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "இதுக்குப் போயி யாராச்சு அழுவாங்களா? காலு நடக்கறதுக்குத்தானுங்க" என்றார். அன்று சாயங்காலம் தோட்டத்துக்கு நடந்தே போனேன். அந்த மனுஷனுக்காக மலையை இன்னொரு தடவை ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பேன்.

முகூர்த்தத்துக்குச் செருப்புத் தேவையில்லை. முந்தின நாள் சாயங்கால ரிசப்ஷன்தான் விவகாரம். மேடையில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், இரண்டு பக்கத்துச் சொந்தமும் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். நல்ல செருப்பு ஒன்று அமைந்துவிட்டால் யாரும் காலைப் பார்க்கமாட்டார்கள், செருப்பைத்தான் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அதோடு ஒரு ஆசையும் உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். சீசனில் தேனிலவுக்கு வரும் வடக்கத்திப் புதுப்பெண்கள் முழங்கைவரை வளையலும், மழையில் பளபளக்கிற செருப்புமாக சிம்ஸ் பார்க் பக்கம் நடப்பார்கள். அதில் ஒருத்தி செம்பு நிறத்தில் ஒன்று போட்டிருந்தாள். முன்னால் மூன்று பட்டை, கணுக்காலில் ஒரு கொக்கி, குதிகால் இரண்டு விரல் உயரம். அவள் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது நான் அவள் கொடுத்த தாளைப் பார்க்கவில்லை. "ஹலோ" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லில்லி அக்காவும் நானும் செருப்பு வேட்டைக்குக் கிளம்பினோம். குன்னூரை முடித்துவிட்டு ஊட்டி. எல்லாக் கடையிலும் வரவேற்பு பிரமாதமாக இருக்கும். "வாங்க, உக்காருங்க, என்ன மாடல் பாக்கறீங்க?" நான் சாக்ஸைக் கழற்றியதும் கடைக்காரர் கையில் எடுத்த பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைப்பார். பிறகு குரலை இறக்கி, "ஏனுங்க, ஜென்ட்ஸ்ல பாத்தரலாங்களா?" என்பார். எல்லாக் கடையிலும் அதே கேள்வி, அதே இறங்கின குரல். அகலத்துக்காகப் பெரிய சைஸ் போட்டால் பின்னால் இன்னொரு ஆள் ஏறி நிற்க இடம் இருக்கும். என் சைஸே போட்டால் சுண்டுவிரல் வெளிநடப்பு செய்யும். ஒரு கடையில் ஒரு ஆள் பவுடரெல்லாம் போட்டு, கரண்டி மாதிரி ஒன்றை விட்டு நெம்பி, வேர்த்துப்போய், கடைசியில், "சேல மறைச்சுக்குமுங்க. உள்ள ரப்பர் செருப்பே போட்டுக்கலாம்" என்றார். லில்லி அக்கா, "உங்கூட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கும் ரப்பர் செருப்புத்தான் போட்டீங்களா?" என்று எகிறிவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் கையில் செருப்பு இல்லை. ஊட்டி வர்க்கி மட்டும் வாங்கியிருந்தோம்.

மறுநாள் மூன்று மணிக்கு இதைச் சொன்னேன். "இவ்ளோதானே? எங்கிட்ட விட்டுருங்க. கோயமுத்தூர்ல கிடைக்காத செருப்பா? கால் அளவ மட்டும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு அனுப்புங்க" என்றார்.

மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து, மெஷினுக்குப் பின்னால் போய் வலது காலைத் தாளில் வைத்து நானே வரைந்தேன். தன் காலைத் தானே வரைவது சுலபமில்லை. குனிந்தால் எடை சாயும், பென்சிலும் சாயும். அதோடு நான் செய்த புத்திசாலித்தனம், கம்பளிச் சாக்ஸைக் கழற்றாமல் வரைந்தது. குளிர்காலத்தில் எங்கள் ஊரில் சாக்ஸைக் கழற்ற வேண்டும் என்றே தோன்றாது. அது தோல் மாதிரி. ஆக, இருக்கிற அகலம் போதாதென்று நானே இன்னும் அரை விரல் கூட்டி அனுப்பிவைத்தேன். செருப்பின் நிறம், பட்டை, கொக்கி எல்லாவற்றையும் ஒரு ஓரத்தில் படமாகப் போட்டேன்.

பிறகு பெருவிரலுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில், நல்ல கையெழுத்தில், இரண்டு வரி எழுதினேன். 'இது உங்களுக்கு மட்டும். யாருகிட்டயும் காட்டாதீங்க.' போனில் சொல்லியிருக்கலாம். அன்று மூன்று மணிக்குப் போன் வந்தபோது பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் போதும் என்று நினைத்தேன். கவரில் போட்டு அவர் கடை விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தேன்.

ஒரு வாரம் கழித்து, "கவர் வந்துச்சுங்களா?" என்றேன். "வந்துச்சு வந்துச்சு. வேல நடக்குது" என்றார்.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் மண்டபத்து மாடியில், மணமகள் அறையில் எனக்கு அலங்காரம் நடக்கும்போது ஒரு அட்டைப்பெட்டி வந்தது. திறந்தேன். செம்பு நிறம். மூன்று பட்டை. கணுக்கால் கொக்கி. காலை வைத்தேன், போயிற்று. நெம்பவில்லை, பவுடர் போடவில்லை, அதுபாட்டுக்கு உள்ளே போயிற்று. சாக்ஸுக்காகக் கூட்டிய அரை விரலும், காலையிலிருந்து நின்று நின்று வீங்கிய காலும் ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் ஐந்து விரலும் ஒரு செருப்புக்குள் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. லில்லி அக்கா எனக்குத் திருஷ்டி கழித்தார். நான் கண்ணாடி முன்னால் சேலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பத்து நிமிஷம் என்னைவிட சந்தோஷமாக நீலகிரியில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

பிறகு கீழே இறங்கினோம்.

மண்டபத்து வாசலிலிருந்து மேடைப் படிவரைக்கும், தரையில் நெடுக வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு எட்டுக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதம். என் பாதம். செலோடேப் போட்டு நாலு மூலையும் அழுத்தி ஒட்டியிருந்தார்கள். எனக்குக் காப்பியைப் பார்த்தால் தெரியும் என்றேனே, நல்ல புது மெஷினில் எடுத்தது. ஒரு கீறல் இல்லை. கோடு பளிச்சென்று விழுந்திருந்தது. பெருவிரலுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தும் விழுந்திருந்தது. 'இது உங்களுக்கு மட்டும். யாருகிட்டயும் காட்டாதீங்க.' அடுத்த தாளிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. ஜனங்கள் அதன்மேல் நடந்து சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவருடைய நண்பர்கள் ஆறேழு பேர் ஒரு பக்கம் நின்று விசிலடித்தார்கள். அதில் சண்முகம் என்று ஒருவன், "அண்ணி, வழி தெரியாமப் போயிறக் கூடாதில்லீங்க, அதான்" என்றான். அவர் நடுவில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் அப்படியே நின்றேன். அதற்குள் எங்கள் பக்கத்துச் சித்தி ஒருத்தி, "அடியாத்தி, லட்சுமி பாதம் போட்டு வரவேற்கறாங்க பாரு! எந்த வீட்டுல செய்யறாங்க இதெல்லாம்!" என்று கண்கலங்கிவிட்டாள். அதோடு நிற்காமல் குங்குமச் சிமிழைக் கொண்டுவரச் சொல்லி, முதல் பாதத்துக்குப் பொட்டும் வைத்தாள். பின்னால் வந்த பெண்கள் அதைப் பார்த்து, பாதத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு மாமா மட்டும் குனிந்து பார்த்து, "என்னய்யா, எல்லாமே வலது காலா இருக்கு?" என்றார். அதற்கு அவர்கள் பக்கத்துப் பெரியவர், "வலது கால எடுத்து வெச்சு வர்றதுதானுங்களே மொறை?" என்றார். "அதுவுஞ் சரிதான்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சொல்லுங்கள், இந்தக் கூட்டத்தில் போய் நான் என்னவென்று அழுவது? எனக்கு நடந்த அவமானத்துக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

படித்தவர் ஒரே ஒருத்தர். என் அப்பா.

அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அவருடைய லீவு லெட்டர் எல்லாம் எழுதிக் கொடுத்தது நான்தான். அதனால் என் எழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். வாசலில் ஒரு தாளின் முன்னால் முட்டியில் கைவைத்துக் குனிந்து, உதடு அசைய அசைய அவர் படிப்பதைப் பார்த்தேன். படித்து முடித்ததும் நகத்தால் செலோடேப்பை நெம்பி அந்தத் தாளை எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்ததற்குப் போனார். மூன்றாவதை எடுக்கும்போது சண்முகம் ஓடிவந்து, "விடுங்க மாமா, டெக்கரேஷன்" என்றான். "ஈரம் தம்பி. யாராச்சும் வழுக்கி விழுந்துருவாங்க" என்றார் அப்பா. "அதெல்லாம் விழமாட்டாங்க, நீங்க போயி உக்காருங்க மாமா" என்று அவரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான். பெண்ணைப் பெற்றவர் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் என் முகத்தைப் பார்க்காமல், "ஒன் எழுத்துதானே புள்ள?" என்றார்.

"ஆமாப்பா."

தலையாட்டினார். அவ்வளவுதான். செத்துப்போகும்வரை அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மேடையில் நின்றபோது, இரண்டு கும்பிடுக்கு நடுவில் அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "எதுக்குங்க காட்டுனீங்க?"

"எத? ஓ, அதா! சும்மா ஜாலிக்குத்தானுங்க. அப்புறம் செருப்பு எப்படிக் கெடச்சுதுன்னு நெனச்சீங்க? பசங்க ஆளுக்கொரு ஜெராக்ஸ எடுத்துட்டு டவுன்ஹால், காந்திபுரம்னு கடை கடையா ஏறியிருக்கானுக. ஒருத்தன்கூட மூஞ்சி சுழிக்கல. மிச்சமிருந்தத இப்படிப் பண்ணிட்டானுக."

போட்டோகிராபர், "மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் என்ன கல்நெஞ்சக்காரியா, அது புரியாமல் இருக்க? முன்பின் பார்க்காத ஒரு பெண்ணுக்காக ஏழு பையன்கள் வேலை நேரத்தில் வெயிலில் அலைந்திருக்கிறார்கள். அந்தச் செருப்பு நான் ஆசைப்பட்ட செருப்பு. யாருக்கும் காட்டாமல் இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது. எல்லாம் சரி. ஆனால் நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தச் செருப்பு இல்லாவிட்டால் ரப்பர் செருப்பு போட்டிருப்பேன். துரோகம் என்பது பெரிய வார்த்தை, தெரியும். வேறு வார்த்தை கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று இத்தனை வருஷம் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அம்மிக்கல்லில் என் காலைத் தூக்கி வைத்து மெட்டி போடும்போது அவர் அண்ணாந்து பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இந்தக் காலு எனக்கு மனப்பாடம்" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஹோமப் புகை என்று அத்தை விசிறிவிட்டாள்.

அதற்கு மறுநாள், எமரால்டில் அவர்கள் வீட்டில் காலையில் டம்ளரோடு வந்து நின்றேன். "அப்புறம், என்ன விசேஷம்?" என்றார். கடைசியில் இருந்த 'ங்க' போயிருந்தது, அது போகத்தான் செய்யும். எனக்குச் சொல்வதற்கு நெஞ்சு முழுக்க இருந்தது. வாயைத் திறந்தேன். "ஒண்ணுமில்லீங்க" என்று வந்தது. எனக்கே ஆச்சரியம். நானா பேசினேன் என்று பார்த்தேன்.

அன்றிலிருந்து அதுதான் பதில். தப்பாக நினைக்காதீர்கள், அவர் நல்ல மனுஷர். குடி கிடையாது, சிடுசிடுப்பு கிடையாது, கோயமுத்தூரை விட்டுவிட்டு எனக்காகக் குன்னூரிலேயே கடை போட்டார். பருப்பு தீர்ந்தது, பாப்பாவுக்குக் காய்ச்சல், கேஸ் வரவில்லை, இதெல்லாம் சொல்வேன். மற்றது எதுவும் சொல்லமாட்டேன். ஒரு தடவை மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது என்று நானே தனியாகப் போய் டெஸ்ட் எடுத்து, ஒன்றுமில்லை என்று தெரிகிறவரை பதினோரு நாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "எம்பொண்டாட்டி அமைதியான டைப்பு" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். பெருமையாகச் சொல்வார்.

அந்தச் செருப்பை நான் மறுபடி போடவில்லை. பெட்டியிலேயே வைத்திருந்தேன். நாலைந்து மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, செம்பு நிறம் உரிந்து, உள்ளே இருந்த அட்டை ஊறிப்போய், ஒரு பொங்கலுக்குக் குப்பையில் போய்விட்டது. பூத் இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். கண்ணாடிக் கூண்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பொம்மைக் கரடியை உட்கார வைத்திருக்கிறார்கள். லில்லி அக்கா மகனோடு திருப்பூர் போய்விட்டார். அந்தப் பக்கமாக மூன்று மணிக்குப் போக நேர்ந்தால் இப்போதும் என் காது எதற்கோ காத்திருக்கும். அந்த மணி எந்தப் போனிலும் இல்லை.

இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்க, கவி சோபாவில் உட்கார்ந்து என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் ரிசப்ஷனில் போட்டுக்காட்ட ஒவ்வொரு படமாகப் போனில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த 'லட்சுமி பாதம்' படம் எங்கள் வீட்டில் பிரசித்தம். அவள் அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிச் சொல்கிற கதை அது. அவள் போனில் அதை விரலால் விரித்துப் பெரிசாக்கினாள். இன்னும் பெரிசாக்கினாள். 

"அம்மா, இது உன் எழுத்தா?"

நான் பென்சிலை எடுத்து வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு ஸ்டேட்டஸில் போட்டிருந்த காலை எடுத்துவிட்டாள். நான் கேட்காமலே எடுத்தாள்.

அப்போதுதான் அவர் கடையிலிருந்து வந்தார். மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அட, வலது காலு! உங்கம்மாவ அன்னிக்கு எப்படி வரவேத்தோம் தெரியுமா" என்று ஆரம்பித்தார். நான் டீயைக் கொண்டுவந்து வைத்தேன்.

"அப்பா, இதுல அம்மா எழுதியிருக்கறதப் படிச்சிருக்கீங்களா?" என்று கவி போனை நீட்டினாள்.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். இரண்டு வரிதான். நிறைய நேரம் படித்தார்.

"இது எழுத்தா? நான் ஏதோ கிறுக்கலுன்னு இருந்துட்டேன். காலத்தானே எல்லாரும் பாத்தோம்."

படித்துவிட்டுத்தான் காட்டினார் என்று நான் இத்தனை வருஷம் கோபப்பட்டிருக்கிறேன். படிக்கவே இல்லையாம். ஏழு பேர், ஆளுக்கொரு தாள், ஒருத்தன்கூடப் படிக்கவில்லையாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் அப்பா மட்டும்தான் குனிந்து பார்த்திருக்கிறார்.

அவர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது. "எங்கிட்ட ஏன் நீ சொல்லவேயில்ல?" என்றார். பூத்துக்குப் போன் செய்கிற நாட்களில் இருந்த அதே குரல். பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தார். கவியும் காத்திருந்தாள். மதியம் மூன்று மணிக்குப் போனை எடுக்க ஓடுவாளே ஒருத்தி, அவள் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். ஒன்று விடாமல் சொல்லியிருப்பாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "டீ ஆறுது, குடிங்க."